தண்ணீரைத் துடைக்கிற வேலை

எனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் லேப்பில் வேலை என்று சொல்லி முடித்துக்கொள்வேன். உடனே தங்கள் சர்க்கரை அளவைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்கள். நான் ரத்தம் எடுப்பவள் இல்லை. டாக்டர்கள் உடம்பிலிருந்து வெட்டியோ ஊசியால் குத்தியோ எடுத்து அனுப்பும் சதைத் துண்டை மெழுகில் பதித்து, அந்த மெழுகுக் கட்டியை ஒரு மெஷினில் பூட்டி, வெங்காயச் சருகு தோற்றுப்போகும் மெல்லிசில் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஏற்றி, சாயம் போட்டுக் கொடுப்பவள். அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்வது டாக்டர். இவ்வளவையும் ட்ரெயினில் பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னால் அவர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடுகிறார். அனுபவத்தில் சொல்கிறேன்.

லேப் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு டீக்கடைக்கு மேலே மாடியில். வீடு திருநின்றவூரில் ஏரிப் பக்கம், ஒரு படுக்கையறை உள்ள வாடகை போர்ஷன். அம்மா இருந்தவரை இடம் பற்றவில்லை என்று தினமும் சண்டை போட்டோம். அம்மா போன பிறகு அதே வீட்டில் நடக்கும்போது என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கிறது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு ஆளுக்குத் தகுந்த மாதிரி ஒரு பதில் வைத்திருக்கிறேன். தம்பி பெங்களூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து சாப்பிட்டாயா என்பான், சாப்பிட்டேன் என்பேன், சரி வைக்கட்டுமா என்பான். நல்ல பையன்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வெளியாட்கள் பார்த்தால் சிரிப்பார்கள். நாங்கள் தண்ணீரைத் துடைப்போம்.

மெஷினில் சீவிய மெழுகு நாடா மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். அதை அப்படியே எடுத்து ஒரு சின்னத் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் மேல் மிதக்கவிடுவோம். சுருக்கம் போய் விரிந்ததும், ஸ்லைடைத் தண்ணீருக்குள் விட்டு அடியிலிருந்து ஏந்தி எடுப்போம். ஒருவருடைய துண்டு முடிந்து அடுத்தவருடையதை எடுக்கும் முன்னால் தண்ணீரின் மேற்பரப்பை டிஷ்யூ பேப்பரால் இழுத்துத் துடைத்துவிட வேண்டும். போன துண்டிலிருந்து பிய்ந்த தூசி அளவு சதை மிதந்துகொண்டிருந்தால் அது அடுத்தவருடைய கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒருத்தருக்கு வந்தது இன்னொருத்தர் பெயரில் ஏறிவிடும். பக்கத்து மெஷினில் இருப்பவள் அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவள், என்னைவிட இளையவள். அவள் காலையில் வந்ததும் வணக்கம் எல்லாம் சொல்லமாட்டாள். “தண்ணி தொட்ச்சியாக்கா?” என்பாள். சாப்பாட்டு நேரத்திலும் அதையேதான் கேட்பாள். நான் தொட்ச்சேன் தாயே என்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நாளைக்கு நடக்கும் பேச்சில் பாதி இதுதான்.

என் வேலை என்னவென்று கேட்ட பிறகும் இடம் மாறி உட்காராத ஒரே ஆள், பெண்கள் பெட்டியில் காலையில் எதிரே உட்காரும் ஒரு டீச்சர். ஆவடியில் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் பயாலஜி எடுக்கிறார். ஒருநாள் அவரிடம் நான் வாய் ஓயாமல் பேசிவிட்டேன். உயிருள்ள எல்லாமே செல்களால் ஆனது என்று முதலில் கண்டுபிடித்தவர்களும் என்னைப் போலச் சீவிச் சீவிப் பார்த்தவர்கள்தான் என்று. அந்தக் கதை என்றால் எனக்குப் பைத்தியம். போனில் அதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் பல வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தேன், சொல்லத்தான் ஆள் இல்லை. டீச்சர் பிடித்துக்கொண்டார். ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு வந்து பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லவேண்டும் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புதுப் புடவைகூட எடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமைக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான், குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது.

மற்றவர்களுக்கு அந்த இடத்தில் பயம் வரும். எனக்கு முதலில் கோபம் வந்தது. ஊரில் இருக்கிற கட்டியை எல்லாம் இத்தனை வருஷமாகச் சீவிக்கொண்டிருக்கிறவளுக்கே வருமா என்று. பிறகு சோப்பு நுரையோடு அப்படியே நின்றேன். அம்மா என்று ஒரு தடவை சத்தமாகவே கூப்பிட்டேன். யாரும் இல்லாத வீட்டில் அதில் ஒரு வசதி, யாரும் ஓடி வந்து என்ன என்று கேட்கமாட்டார்கள்.

ஆவடியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குப் போனேன். ஊசியால் துண்டு எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்கள். படுக்கச் சொல்லும் முன் நர்ஸ், “கூட யாரு வந்திருக்காங்க?” என்று கேட்டார். வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொன்னேன். வெளியே இருந்தது நாலு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு தண்ணீர்க் கேனும். ஊசி குத்தும்போது வலித்ததைவிட அந்தப் பொய் சொன்னது வலித்தது. இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று.

அந்த நர்சிங் ஹோமின் துண்டுகள் எங்கள் லேப்புக்குத்தான் வரும். எனக்குத் தெரியும். வேறு லேப்புக்கு அனுப்பச் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் டாக்டரம்மாவின் கண்ணைத் தவிர வேறு எந்தக் கண்ணையும் நான் நம்பமாட்டேன். பெயரைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பார்த்தேன். என் பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அது நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை என் துண்டு என் மேஜைக்கு வந்தது. எங்களுக்கு எல்லாமே நம்பர்தான். மெழுகுக் கட்டிமேல் நம்பர், ஸ்லைடுமேல் நம்பர். என்னுடைய நம்பருக்கு முந்தின நம்பரும் அதே நர்சிங் ஹோமிலிருந்து வந்த ஊசித் துண்டுதான். அதைச் சீவினேன், ஏந்தினேன், வைத்தேன். அடுத்தது நான்.

பக்கத்தில் இருப்பவளிடம் கொடுத்து நீ வெட்டிக் கொடுடி என்றிருக்கலாம். கொடுத்தால் ஏன் என்பாள். சொன்னால் அழுவாள், நானும் அழவேண்டி வரும். அதனால் நானே பூட்டினேன். மெழுகுக்குள் சேமியா முறித்துப் போட்ட மாதிரி இரண்டு மெல்லிய இழைகள். இதுதான் நான் என்று நினைத்துக்கொண்டே சீவினேன். நாடா இரண்டு தடவை அறுந்தது.

“இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?” என்றாள் பக்கத்தில் இருப்பவள்.

தலைவலி என்றேன்.

“தண்ணி தொட்ச்சியா?”

ம் என்றேன்.

மதியத்துக்குள் சாயம் ஏறி ஸ்லைடுகள் காய்ந்துவிட்டன. செல்லின் நடுவே இருக்கும் உட்கரு ஊதாவாகத் தெரியும், மற்றதெல்லாம் இளஞ்சிவப்பு. டாக்டரம்மா அன்று ஒரு கல்யாணத்துக்காகச் சீக்கிரம் கிளம்பிவிட்டார், இனி திங்கட்கிழமைதான். எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் என் ஸ்லைடை எடுத்துக்கொண்டு அவர் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தேன்.

ரிப்போர்ட் சொல்ல எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் இத்தனை வருஷம் பார்த்த கண்ணுக்குக் கொஞ்சம் தெரியும். முதலில் பார்த்த இடமெல்லாம் ஒழுங்காக இருந்தது. கொழுப்பு, நார், அதற்கு நடுவே வரிசை தப்பாமல் நிற்கும் செல்கள். மூச்சு விட்டேன். ஸ்லைடை ஓரத்துக்கு நகர்த்தினேன். அங்கே ஒரு கூட்டம். கருஞ்சாயம் குடித்த உட்கருக்கள், ஒன்று பெரிசு ஒன்று சிறிசு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வரிசையாவது ஒன்றாவது. மற்றவர்களுடைய ஸ்லைடில் அதைப் பார்க்கும்போது, ஐயோ பாவம் யாரோ என்று நினைத்துவிட்டு அடுத்ததை எடுப்பேன். அன்று அடுத்ததை எடுக்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் ட்ரெயினில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது. தம்பிக்குப் போன் பண்ணலாம் என்று எடுத்து, அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லையே, பயந்துவிடுவான் என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை பள்ளிக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் புதுப் புடவை இருந்தது, சொன்ன சொல் இருந்தது, முக்கியமாக வீட்டில் இருக்க முடியவில்லை. போனேன்.

முதலில் கார்க்கைச் சீவிய ஆங்கிலேயரைச் சொன்னேன். பாட்டிலுக்கு மூடியாக வருமே அந்தக் கார்க், ஒரு மரத்தின் பட்டை. அவர் பேனாக்கத்தியை நன்றாகத் தீட்டி அதிலிருந்து ஒரு மெல்லிய சீவலை எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்தார். எங்கள் தொழிலுக்கு அவர்தான் முதல் ஆள் என்று பெருமையாகச் சொன்னேன். கட்டம் கட்டமாகச் சின்னச் சின்ன அறைகள் தெரிந்தன. அறை என்ற பொருளில் அவர் வைத்த பெயர்தான் செல். ஆனால் அவர் பார்த்தது காலி அறைகளை. கார்க் செத்துப்போன பட்டை, உள்ளே இருந்ததெல்லாம் எப்போதோ போய்விட்டது, சுவர் மட்டும்தான் நின்றது. குடியிருந்தவர்கள் காலி செய்துகொண்டு போன வீட்டைப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டு வந்துவிட்டார் என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு என் வீட்டு ஹாலின் ஞாபகம் வந்தது, தண்ணீர் குடித்துச் சமாளித்தேன்.

பிறகு ஹாலந்து நாட்டுத் துணி வியாபாரி. தானே லென்ஸ் தேய்த்து, குளத்துத் தண்ணீரையும் தன் பல்லிடுக்கு அழுக்கையும் பார்த்தவர். அதில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஓடி விளையாடின. தன்னுடைய நல்ல லென்ஸை எப்படிச் செய்தார் என்பதை மட்டும் கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை. அழுத்தக்காரர். அதற்குப் பிறகு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருவர் செடியில் பார்த்தார், ஒருவர் தவளையில் பார்த்தார். லென்ஸும் மட்டம். எதைப் பார்த்தாலும் உருண்டை உருண்டையாகத் தெரியும், இல்லாத உருண்டைகளை வரைந்து வைத்துவிட்டு இதுதான் உயிர் என்றவர்களும் உண்டு.

எல்லாம் ஒன்றுசேர்ந்தது ஒரு சாப்பாட்டு மேஜையில். ஜெர்மனியில் இரண்டு பேர். ஒருவர் செடிகளைப் பார்ப்பவர். வக்கீலாக இருந்து, வாழ்க்கை பிடிக்காமல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு பிழைத்து, பிறகு செடிகள் பக்கம் வந்தவர். இன்னொருவர் பிராணிகளைப் பார்ப்பவர். சாப்பிட்டுக்கொண்டே செடிக்காரர், செல்லுக்குள் ஒரு உட்கரு இருக்கிறது என்று விவரித்தார். பிராணிக்காரர், அட, இதை நானும் பார்த்திருக்கிறேனே என்றார். இரண்டு பேரும் எழுந்து நேரே மைக்ராஸ்கோப்புக்கு ஓடினார்கள். செடியும் பிராணியும் ஒரே சரக்குதான், எல்லாம் செல்தான் என்ற எண்ணம் அப்படித்தான் பிறந்தது. அவர்கள் இரண்டு பேரும் அன்று தனித்தனியாகச் சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். நான் அதைப் பதிலுக்காகக் கேட்கவில்லை.

அந்தச் செடிக்காரர் ஒரு தப்புப் பண்ணினார். புதுச் செல் எப்படி வருகிறது என்பதற்கு, பாகில் கற்கண்டு கட்டுகிற மாதிரி ஏதோ ஒரு நீரிலிருந்து தானாகத் திரண்டு வருகிறது என்றார். எல்லோரும் நம்பினார்கள். பெர்லினில் ஒரு யூதர், கோழிக் கருவில் செல் இரண்டாகப் பிரிவதைப் பார்த்துவிட்டு, தானாக எதுவும் வருவதில்லை, ஒரு செல் பிரிந்துதான் இன்னொரு செல் வருகிறது என்றார். அவர் பேச்சு எடுபடவில்லை. பிறகு அதே ஊரில் பெரிய டாக்டர் ஒருவர் அதையே ஒரு வரியில் சொன்னார், உலகம் கைதட்டியது. முதலில் சொன்னவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு செல்லைப் பார்த்தால் அதற்கு முன்னால் ஒரு செல் இருந்தே தீரும் என்று போர்டில் எழுதினேன். அந்தப் பெரிய டாக்டர் இன்னொன்றும் சொன்னார். கெட்ட கட்டியும் வெளியிலிருந்து வருவதில்லை, நம்முடைய செல்லே தடம் மாறிப் பெருகுவதுதான். அதைப் பிள்ளைகளிடம் சொல்ல என்னால் முடியவில்லை.

பேச்சு முடிந்ததும் டீச்சர் பிள்ளைகளைப் பள்ளி லேப்புக்குக் கூட்டிப்போனார். எல்லோரும் பல்குத்தும் குச்சியால் கன்னத்தின் உட்பக்கத்தைச் சுரண்டி, ஸ்லைடில் தேய்த்து, தங்கள் செல்லைத் தாங்களே பார்க்கவேண்டும். பாதிப் பேர் காற்றுக் குமிழியைப் பார்த்துவிட்டு, தடியான கறுப்பு வளையம் போட்டு, செல் என்று வரைந்து வைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருப்பிப் பாருங்கள் என்றேன். செல் ஒரு மட்டத்தில் தெளிவாகும், குமிழி வேறு மட்டத்தில் தெளிவாகும், அது உங்கள் செல்லோடு படுத்திருக்கவில்லை, மேலே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் திருப்பிக் காட்டினேன். பெரிய மேதாவி மாதிரி காட்டினேன். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பெருக்கித் துடைத்தேன். அம்மாவின் புடவைகளை எடுத்து உதறி மறுபடி மடித்து வைத்தேன். எனக்கு ஏதாவது ஆனால் இதையெல்லாம் யார் எடுத்துப் போடுவார்கள் என்று தோன்றியது. ஆஸ்பத்திரிக்கு யார் கூட வருவார்கள், யார் கையெழுத்துப் போடுவார்கள், வாந்தி எடுத்தால் யார் தண்ணீர் கொடுப்பார்கள். சாவைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அந்தத் தண்ணீர் டம்ளரைப் பற்றித்தான் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். தம்பி போன் செய்தான். சாப்பிட்டாயா என்றான். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலை டாக்டரம்மா ஸ்லைடு ட்ரேயை எடுத்து உட்கார்ந்தார். நான் மெஷினில் இருந்தேன், காது மட்டும் அவர் அறையில் இருந்தது. ஒவ்வொரு ஸ்லைடாக டக் டக் என்று வைக்கிற சத்தம். பிறகு என்னைக் கூப்பிட்டார். போனேன்.

“இது என்ன துண்டு, ஓரத்துல?” என்றார், கண்ணை எடுக்காமல். “இந்த ஆளோடது இல்ல இது. மட்டமே வேற, மேல வந்து உக்காந்திருக்கு. தண்ணி துடைக்கலையா? மெழுகுக் கட்டியில இன்னும் கொஞ்சம் உள்ள வெட்டி இன்னொண்ணு குடுங்க.”

அவ்வளவுதான் சொன்னார். பால் பொங்கிவிட்டது அடுப்பைத் துடை என்கிற மாதிரி. நான் அவருக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் முன்னால் நான் உட்கார்ந்ததே கிடையாது. அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார், ஸ்லைடைப் பார்த்தார், கூட வந்த பேப்பரில் பெயரையும் வயதையும் பார்த்தார்.

அன்று நான் வாங்கின திட்டு கொஞ்சநஞ்சமில்லை. அறிவு இருக்கிறதா உனக்கு என்றார். வாங்க போங்க என்று மட்டுமே பேசுகிற டாக்டரம்மா, அன்றைக்கு நீ என்றுதான் பேசினார். வெள்ளிக்கிழமையே ஒரு போன் பண்ணியிருந்தால் கல்யாண வீட்டிலிருந்து ஓடி வந்திருப்பேனே, இதைத் தூக்கிக்கொண்டு இத்தனை நாள் தனியாக உட்கார்ந்திருந்தாயா என்று கேட்டார். பக்கத்து மெஷின்காரி சத்தம் கேட்டு ஓடி வந்து, விஷயம் புரிந்து, அங்கேயே ஓவென்று அழுதாள். “நான் கேட்டேனேக்கா, தண்ணி தொட்ச்சியான்னு கேட்டேனே,” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மறு துண்டை அவள்தான் வெட்டினாள். என்னை மெஷின் பக்கமே விடவில்லை. தண்ணீரை அவள் துடைத்த துடைப்பில் தொட்டியே தேய்ந்திருக்கும்.

மறு ஸ்லைடில் அந்தக் கூட்டம் இல்லை. ஓரத்திலும் இல்லை, நடுவிலும் இல்லை. நார்க் கட்டி, ஒன்றும் செய்யாது என்றார் டாக்டரம்மா. டீ வரவழைத்தார். வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பான டீயை நான் குடித்ததில்லை. டம்ளரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன், மூக்கைச் சிந்தினேன்.

டீ பாதியில் இருக்கும்போது டாக்டரம்மா, “அப்ப அது யாரோடது?” என்றார்.

சனிக்கிழமை நானே போர்டில் எழுதினேனே. தானாக எதுவும் திரண்டு வராது, ஒரு செல் இருந்தால் அதற்கு முன்னால் ஒரு செல் இருந்தே தீரும். என் கண்ணாடிமேல் வந்து உட்கார்ந்ததும் ஓர் உடம்பிலிருந்து வந்ததுதான். அவர் எனக்கு முந்தின நம்பர் ஸ்லைடை மறுபடி எடுத்து வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்து எனக்கு இடம் விட்டார். இழை முழுக்க அதே கூட்டம். அதே கரும் உட்கருக்கள், அதே முண்டியடிப்பு. பேப்பரில் பெண் என்றும் வயது முப்பத்து நான்கு என்றும் இருந்தது. பெயரை நான் படிக்கவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்தேன். எனக்கு இல்லை என்று சிரித்தேனே, அது இன்னொருத்திக்கு இருக்கிறது என்றுதானே அர்த்தம். ரொம்ப வெட்கமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து இறங்கும்போது கீழே டீக்கடையை ஒட்டிய ரிப்போர்ட் கவுன்ட்டரில் நம்பர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என் நம்பருக்கு முந்தின நம்பர். ஒரு பெண் எழுந்து போய் உறையை வாங்கினாள். கழுத்தில் ஏதோ கம்பெனி அடையாள அட்டை, ஷிஃப்ட் முடிந்து நேரே வந்திருக்கவேண்டும். கூட யாரும் இல்லை. உறையைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள். என் வழியும் அதுதான். ஆனால் அன்று நான் அவள் பின்னால்தான் போனேன் என்று சொல்வதுதான் சரி.

பெண்கள் பெட்டியில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். ஆவடியில் பாதிக் கூட்டம் இறங்கியது. அவள் உறையைப் பிரித்துப் பார்த்தாள், மடித்தாள், மறுபடி பிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, அக்கா எங்கே இறங்குகிறீர்கள் என்று கேட்டாள். திருநின்றவூர் என்றேன். அவள் வேப்பம்பட்டு. பிரித்த பேப்பரை என்னிடம் நீட்டினாள்.

“அக்கா, இதுல இன்னா போட்டுக்கீதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்றியா?”

நாங்கள் ரிப்போர்ட்டை வாயால் சொல்லக் கூடாது. அது டாக்டர் வேலை. டாக்டரிடம் கேட்டுக்கொள் அம்மா என்று திருப்பிக் கொடுப்பதுதான் முறை. படிக்காமலே எனக்கு மனப்பாடமான பேப்பரை நான் வரி வரியாகப் படித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்ட கட்டியா என்று கேட்டாள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. ஆமாம் என்றேன். வைத்தியம் இருக்கிறது, சரியாகிறவர்கள் நிறைய, ஆனால் தள்ளிப்போடாமல் நாளைக்கே டாக்டரைப் பார்க்கவேண்டும் என்றேன். அவளுடைய ஒரு துளி என் பெயரில் இருந்ததையும், அந்த நாட்களில் நான் என்ன ஆனேன் என்பதையும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

அவள் அழவில்லை. பேப்பரை அதே மடிப்பில் மடித்து வைத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, என்னிடமா தன்னிடமா என்று தெரியாமல் பேசினாள்.

“கூட யார்னா இட்டுகினு வரச் சொல்வாங்கக்கா. போன தபா ஊசி போட்டப்பவே கேட்டாங்க. வெளிய குந்தினு கீறாங்கன்னு சொல்ட்டேன்.”

அந்த நாலு நாற்காலியும் தண்ணீர்க் கேனும் என் கண்ணில் வந்து நின்றன.

“நாளைக்கு நான் வரேன்,” என்றேன். “உள்ளேயே வரேன்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். நீ யார், ஏன் என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. வண்டி திருநின்றவூரில் நின்றது.

“உன் ஸ்டேஷன் வந்துட்ச்சுக்கா,” என்றாள்.

நான் எழுந்திருக்கவில்லை. வேப்பம்பட்டில் உன் வீடு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரமா என்று கேட்டேன்.